அழுகை ராணிக்கு ஒரு நாற்காலி

காசிமேட்டு அடைக்கலமேரி மேடையில் அழ ஆரம்பித்தால் ராயபுரத்துக் கடலில் ஒரு விரல்கடை தண்ணீர் ஏறும் என்று பேச்சு. கிளப்பிவிட்டவர்கள் நாடகக் காரியதரிசிகள்தான். நோட்டீஸில் போடத் தோதாக இருக்கும் அல்லவா? ஆனாலும் அதில் பெரிய பொய் இல்லை. மற்ற நடிகைகள் முந்தானையில் வெங்காயத்தை முடிந்துகொண்டு திண்டாடியபோது, இவள் நின்ற இடத்தில் நின்று கீழுதட்டை ஒரு தரம் கடிப்பாள். அவ்வளவுதான். வலது கண்ணில் முதல் சொட்டு, இடது கண்ணில் அடுத்தது, பிறகு மடை திறந்துவிடும். கொட்டகையில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து அழுவார்கள். மீதிப் பேர் சளி பிடித்தவர்கள் மாதிரி மூக்கைச் சிந்துவார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த ஆண்கள் தெருவுக்கொரு நாடக மன்றம் வைத்திருந்தார்கள். ராஜா, வக்கீல், டாக்டர், வில்லன் எல்லாம் அவர்களே. பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு நடிகையை அமர்த்துவார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் மேடை ஏறினால் குடும்ப மானம் கப்பலேறிவிடும். அடுத்த வீட்டுப் பெண் ஏறினால் கலை வளரும். இந்த நியாயத்தில் இருந்த ஓட்டையை அவர்களில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அடைக்கலமேரிக்கு முப்பத்தைந்து வயது. கட்டியவன் கப்பல் வேலைக்கென்று போனவன். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அண்ணன் வீட்டோடு இருந்தாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழுதால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் அண்ணனும் அண்ணன் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவள் தட்டெடுப்பாள். அதைப் பற்றி அவள் யோசித்ததுகூட இல்லை.

மேடையில் அவள் படாத பாடில்லை. காசநோய் கண்டு இருமி இருமிச் செத்திருக்கிறாள். காதலன் கைவிட்டதால் கிணற்றில் விழுந்து செத்திருக்கிறாள். சாகாமல் தப்பித்த நாடகங்களில் கணவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். தப்பு செய்தவன் அவனாக இருந்தாலும் விழுந்தது இவள்தான். இதையெல்லாம் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து தவறாமல் பார்ப்பவள் முத்தம்மா. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டையில் கூவி விற்பவள். பகலில் ஏலக்காரனையும் போலீஸ்காரனையும் ஒரே குரலில் அதட்டுகிற அந்த அம்மாள், சாயங்காலம் மேரி செத்தால் குலுங்கிக் குலுங்கி அழுவாள்.

அந்த வருஷம் அடைக்கலமேரியைத் தேடி வந்தவர் அருள்பிரகாசம். துறைமுகத்தில் குமாஸ்தா, கலங்கரை நாடக மன்றத்துக்குக் காரியதரிசி, டைரக்டர், கதாநாயகன் எல்லாம் அவர்தான். கதாநாயகனாக நடிக்க வேறு ஆள் தேடுகிற சிரமத்தை மன்றத்துக்கு அவர் ஒரு நாளும் கொடுத்ததில்லை. தொப்பை விழுந்து, முன் தலை வெளுத்த பிறகும் கொடுக்கவில்லை.

"இந்தாம்மா மேரி, இந்த வாட்டி சும்மா இல்ல. அமெரிக்க நாடகம்!" என்றார்.

திருவொற்றியூர்க்காரர்கள் போன வருஷம் ஏதோ ஒரு சீமைக் கதையைப் போட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அருள்பிரகாசத்துக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல வேளையாக அவருடைய அக்கா மகள் ஃப்ளோரன்ஸ் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி, ஒற்றைப் பின்னல், கை நிறையப் புத்தகம். மவுண்ட் ரோடு அமெரிக்க நூலகத்தில் பழைய நாடகங்களாகத் தேடிப் படித்து, அவற்றில் பெண்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தாள். மாமா கேட்டதும் ஒரு நாடகத்தை அவளே தமிழில் மாற்றிக் கொடுத்தாள். முடிவை மட்டும் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். மாமா சிலுவைமேல் சத்தியம் செய்தார். அவர் எதன்மேலும் சுலபமாகச் சத்தியம் செய்வார்.

பங்குக் கோவிலான மாதா கோவிலை ஒட்டிய கூடத்தில் முதல் ஒத்திகை. ஃப்ளோரன்ஸ் நாடகத்தைப் படித்துக் காட்டினாள். ஒரு வீடு, ஒரு மேஜை. கணவனும் அவன் தம்பியும் ஒரு வக்கீலும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மனைவி பரிமாறுகிறாள். அந்த வீடு அவளுடைய அப்பா அவளுக்குக் கொடுத்தது. அதை விற்பதா, அடமானம் வைப்பதா என்று மூன்று பேரும் நாடகம் முழுக்கப் பேசுகிறார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடைசியில் அவள் ஓரத்தில் கிடந்த நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜையில் உட்கார்ந்து, தனக்கும் பரிமாறிக்கொண்டு சாப்பிட ஆரம்பிக்கிறாள். திரை.

எல்லோரும் அடுத்த பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். தம்பி வேஷக்காரரான சவரிநாதன் மட்டும், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அடைக்கலமேரிக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. "இன்னா பாப்பா இது? நாடகம் பூரா சோறு போட்டுகினே கீறேன். 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா', 'உப்பு சரியா கீதா' — இதான் வசனமா? இதுக்கு நான் இன்னாத்துக்கு? ஓட்டல்லேர்ந்து ஒரு சர்வரப் புட்ச்சாந்தா போதாதா? நான் எப்ப சாவறேன்?"

"நீங்க சாகறதே இல்லக்கா."

"அழுவுறது?"

"அதுவும் இல்ல."

"போச்சுடா" என்று அடைக்கலமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஃப்ளோரன்ஸ் அவளைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப்போய் உட்காரவைத்தாள். ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காது கொடுக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். "அந்தக் காலத்துல அமெரிக்க நாடகத்துல பொம்பளைங்களுக்கு மூணே வேஷந்தான்கா. ஒண்ணு, ஒண்ணும் தெரியாத நல்ல பொண்ணு. வில்லன் கட்டிப்போடுவான், ஹீரோ வந்து அவுத்துவிடுவான். ரெண்டாவது, கெட்டுப்போனவ. அவ கடைசித் திரை விழறதுக்குள்ள செத்துடணும், இல்லன்னா ஜனங்களுக்குத் தூக்கம் வராது. மூணாவது, எல்லாரையும் மன்னிக்கிற அம்மா."

அடைக்கலமேரி விரல் மடக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "மூணும் ஆக்ட் குட்த்துட்டேன். மொத ரெண்டும் தண்டையார்பேட்டையில, அம்மா வேஷம் எண்ணூர்ல. அங்கயும் இதே கதைதானா? அவ்ளோ தூரத்துலயா?"

"அதேதான். அப்புறம் ஒரு அம்பது வருஷத்துக்கு முன்னாடி, சில பொம்பளைங்க அவங்களே எழுத ஆரம்பிச்சாங்க. பெரிய கொட்டகையில எவனும் எடம் தரல. கடலோரத்துல ஒரு பழைய மீன் கிடங்கச் சுத்தம் பண்ணி, அதுல மேடை போட்டு நடிச்ச கூட்டம்கூட இருந்துது."

"மீன் கெடங்குலயா?" அடைக்கலமேரிக்கு முதல்முறையாக அமெரிக்காவின்மேல் நம்பிக்கை பிறந்தது. "நாத்தம் அடிக்கல?"

"அடிச்சிருக்கும்."

"அப்ப நம்ம ஜனந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஒத்திகைக்குப் போனாள்.

அன்று கடைசிக் காட்சியை வேண்டாவெறுப்பாகத்தான் செய்தாள். நாற்காலியை இழுத்தாள், உட்கார்ந்தாள். மூன்று ஆண்களுடைய முகங்களும் அவள் முகத்துக்கு நேராக, ஒரே உயரத்தில் இருந்தன. இத்தனை வருஷ நாடக வாழ்க்கையில் கதாநாயகர்களின் முகத்தை அவள் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறாள். காலடியில் கிடப்பவளுக்கு மூக்குத் துவாரமும் தாடையும்தான் தெரியும். இப்போது பார்த்தால் அருள்பிரகாசத்தின் வலது புருவத்தில் பாதி மையால் வரைந்தது என்பது தெரிந்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அடைக்கலமேரி நாற்காலியைப் பழையபடி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இன்னொரு தபா பண்ணிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். வேலை முடிந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவள், இன்னொரு தரம் கேட்டது அதுதான் முதல்முறை.

அதன் பிறகு அந்த நாற்காலி அவள் மனசை விட்டு இறங்கவில்லை. குழாயடியில் நிற்கும்போதும் அதே நினைப்பு. எப்படி இழுப்பது, சத்தம் வர இழுப்பதா, வராமல் இழுப்பதா? முதல் கவளம் பெரிசா, சின்னதா? வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வேஷத்தை அவள் ஆசைப்பட்டாள்.

ஆசைப்பட்டால் போதுமா? நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அருள்பிரகாசம் ஒத்திகைக்கு ஒரு விருந்தாளியை அழைத்துவந்தார். திருவொற்றியூர் ஆலைக்காரர்களின் மன்றக் காரியதரிசி, ஆசீர்வாதம். போன வருஷம் பேர் வாங்கிய அதே ஆள்தான்; அவர் கண்ணெதிரிலேயே ஜெயித்துக் காட்ட அருள்பிரகாசத்துக்கு ஆசை. மாதம் இரண்டு ஊர் என்று வருஷம் முழுக்க ஓடப்போகிற ஒரு குடும்ப நாடகத்துக்கு நடிகை தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க அழுகையப் பத்தி எண்ணூர் வரைக்கும் பேச்சும்மா. சனிக்கிழம வந்து பாக்குறேன். புடிச்சிருந்துதுன்னா வருஷம் பூரா நீங்கதான்" என்றார்.

வருஷம் பூரா! மழைக்காலத்தில் நாடகமே இல்லாமல் அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அடைக்கலமேரி கைகூப்பினாள். அவர் போனதும் அருள்பிரகாசம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். நாடகத்துக்குப் புதுப் பேர் வைத்திருந்தார்: 'பதியின் பாதமே கதி'. முடிவையும் மாற்றிவிட்டார். மனைவி கணவன் காலில் விழுந்து, "வீடு என்ன, என் உயிரே உங்களுடையது" என்று கதறுகிறாள். திரை.

ஃப்ளோரன்ஸ் கொதித்தெழுந்தாள். "மாமா! சத்தியம் பண்ணீங்களே!"

"சிலுவைக்கே தெரியும்மா, ஜனங்களுக்கு இன்னா புடிக்கும்னு. ஒருத்தி சேர்ல குந்தி சோறு துன்றத டிக்கெட் எடுத்து எவன் பாப்பான்? என் வூட்லதான் தெனம் துன்றா."

"அத்தை உங்க முன்னாடி உக்காந்து சாப்பிட்டதை நீங்க எப்ப பாத்தீங்க?"

அருள்பிரகாசம் யோசித்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்படி ஒரு காட்சி அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் சாப்பிடத்தான் செய்கிறாள், இல்லாவிட்டால் உயிரோடு இருக்க முடியாது என்று மட்டும் அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது. "அதெல்லாம் குடும்ப விஷயம்" என்று பேச்சை முடித்தார்.

ஃப்ளோரன்ஸ் அடைக்கலமேரியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கக்கா."

அடைக்கலமேரி தரையைப் பார்த்தாள். நாற்காலி ஒரு பக்கம், வருஷம் முழுக்க உலை ஒரு பக்கம். "சார் சொல்ற மாதிரியே அழுதுடறேன்" என்றாள்.

"நீங்களுமா?"

"உனக்கு இது பட்ச்சி எழுதற விஷயம் பாப்பா. எனக்கு வவுறு" என்றாள். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனதைப் பார்க்க அடைக்கலமேரிக்கு நெஞ்சு வலித்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. வலது பக்கம் ஆண்களுக்கு நாற்காலி, இடது பக்கம் பெண்களுக்குப் பாய். பங்குக் கூடத்தில் அதுதான் வழக்கம். மேரி அழப்போகிறாள் என்று காசிமேட்டு மீன்காரப் பெண்கள் முத்தம்மா தலைமையில் கூட்டமாக வந்து பாயை நிறைத்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் ஆசீர்வாதம், மடித்த கைக்குட்டையைத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அருள்பிரகாசத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மேடையில் சாப்பாடு என்றால் நிஜச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்பார். மேஜைமேல் அவர் மனைவி வைத்த வஞ்சிரக் குழம்பு, வறுவல், ஆவி பறக்கும் சோறு. இன்னொரு முன்ஜாக்கிரதையும் செய்திருந்தார். ஃப்ளோரன்ஸ் ஏதாவது கலகம் செய்துவிடுவாளோ என்று நாலாவது நாற்காலியை மேடையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அடைக்கலமேரி நாடக நாளில் காலையிலிருந்து எதுவும் சாப்பிடமாட்டாள்; வெறும் வயிற்றில்தான் அழுகை நன்றாக வரும் என்பது தொழில் ரகசியம். அந்த வயிற்றோடு மூன்று ஆண்களுக்கும் பரிமாறினாள். அவர்கள் நடிப்பை மறந்து சாப்பிட்டார்கள். சவரிநாதன் மூன்றாவது தரம் மீன் கேட்டார். அது வசனத்தில் இல்லை. வக்கீல் வேஷக்காரர் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "வீட்டை விற்பதுதான் உத்தமம்" என்றார். "அவள் என்ன சொல்லப்போகிறாள்?" என்று அருள்பிரகாசம் ஏப்பம் விட்டார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அதைச் சொன்ன பெரியவர்களுக்குப் பரிமாறிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் நின்றிருப்பாள். அவள் எதற்கு முந்துவது என்று அவர்கள் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அருள்பிரகாசம், "உன் முடிவு என்ன?" என்று கர்ஜித்தார். இப்போது அவள் உதட்டைக் கடிக்க வேண்டும். கடித்தாள். கண் கலங்கத் தொடங்கியது. விழுவதற்காகக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள். அவள் விழத் தோதாக அருள்பிரகாசம் வலது காலை மேஜைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். காத்துக்கொண்டிருந்த அந்தப் பாதத்தின் பெருவிரல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

அடைக்கலமேரிக்கு அழுகை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை கால்! எல்லாம் இப்படித்தானே நீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கும்? அவள் நிமிர்ந்தாள். ஒரு தட்டை எடுத்தாள். நாற்காலிக்காக ஓரத்துக்குப் போனாள். அங்கே நாற்காலி இல்லை.

பக்கத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவர், "விழும்மா, விழு, விழு" என்று சீறினார். அவருக்குப் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆசீர்வாதம் கைக்குட்டையைப் பிரித்துப் பிடித்தபடி இருந்தார். அடைக்கலமேரி தட்டும் கையுமாக மேடை நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

இடது பக்கப் பாயிலிருந்து முத்தம்மாவின் குரல் வந்தது. அது ஏலக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்டுப் பழகிய குரல். "இன்னா மேரி, குந்தறதுக்கு எடம் தேடுறியா கண்ணு?"

நடிகை சபையோடு பேசக்கூடாது என்பது மேடைச் சட்டம். அடைக்கலமேரி தலையாட்டினாள்.

"அட பேமானிங்களா!" முத்தம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "மூணு பேரும் மூக்கு முட்டத் துன்னுட்டீங்க இல்ல? அது வூட்ல அதுக்கு ஒரு சேர் இல்லியா? ஏந்திருங்கடா ஒருத்தன்!"

"ஏந்திரு! ஏந்திரு!" என்று பாய் முழுக்கக் கூச்சல் கிளம்பியது. சவரிநாதன் பயந்துபோய்ப் பாதி எழுந்தார். அருள்பிரகாசம் முறைத்ததும் மறுபடி உட்கார்ந்தார். வக்கீல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சல் அடங்குவதாக இல்லை.

அடைக்கலமேரி நேராகக் கணவனிடம் போனாள். அடுத்து அவள் சொன்னது ஃப்ளோரன்ஸ் எழுதிய வசனமும் இல்லை, அருள்பிரகாசம் எழுதியதும் இல்லை. "எழுந்திருங்க. நான் உட்காரணும்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அருள்பிரகாசம் இருபது வருஷக் கதாநாயகர். எந்த நிலைமையையும் சமாளிக்க அவரிடம் ஒரு வசனம் உண்டு. அன்று இல்லை. எழுந்தார். எழுந்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிப் பார்த்தார், பின்னால் வைத்துப் பார்த்தார், கடைசியில் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். சோறு போட்டுக்கொண்டாள். மிச்சமிருந்த வஞ்சிரத் துண்டில் பெரியதாகப் பார்த்து எடுத்தாள். பிறகு சாப்பிட்டாள். நடிக்கவில்லை, காலையிலிருந்து கிடந்த பசிக்குச் சாப்பிட்டாள். முள்ளை நிதானமாக ஒதுக்கினாள், குழம்பைப் பிசைந்தாள், விரலை நக்கினாள். ஒரு பெண் அவசரமில்லாமல் வயிறாரச் சாப்பிடுவதை அத்தனை ஜனமும் மூச்சுவிடாமல் பார்த்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி, "நல்லா துன்னு தாயி" என்றாள். இன்னொருத்தி ஏனோ மூக்கைச் சிந்தினாள். திரை இழுக்கிறவனும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததால், அவள் தட்டு காலியான பிறகுதான் திரை விழுந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடைக்குப் பின்னால் ஃப்ளோரன்ஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இன்னாத்துக்குப் பாப்பா அழுவுற? அது என் வேல" என்றாள் அடைக்கலமேரி.

நாடகம் முடிந்ததும் மன்றத்தாருக்கு அதே கூடத்தில் பந்தி; அது வழக்கம். சமையல்காரர் சோற்றுக் கூடையையும் சாம்பார் வாளியையும் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஆண்கள் வரிசையாகத் தரையில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். மேடையில் தின்ற வஞ்சிரம் ஜீரணமாவதற்குள் மறுபடியும் பசி. நாடகம் எப்படி ஜெயித்தது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அமெரிக்கக் கதை என்றாலே அப்படித்தான், திடுக்கென்று திருப்பம் வரும் என்று வக்கீல் வேஷக்காரர் விளக்கினார். அருள்பிரகாசம் கடைசி இலையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆசீர்வாதத்துக்கு விருந்தாளி என்று முதல் இலை. அவர் அடைக்கலமேரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருந்துது. ஆனா நான் அழுகையப் பாக்க வந்தேன். ஒரு சொட்டு வரலியேம்மா. எங்க நாடகத்துல நாலாவது சீன்ல நீங்க புருஷன் கால்ல வுழுந்து அழணும், அஞ்சாவதுல சாவணும். நான் யோசிச்சி சொல்றேன். ம், இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க."

அவள் குனிந்து ஊற்றினாள். ஊற்றும்போதுதான் தன் கையைப் பார்த்தாள். கையில் வாளி இருந்தது. எப்போது எடுத்தாள்? யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு எடுத்து, ஏழெட்டு இலைக்கு ஊற்றியும் விட்டிருக்கிறாள். எதிர்வரிசையைப் பார்த்தால் ஃப்ளோரன்ஸ் கையில் தண்ணீர்ச் செம்பு. ஆராய்ச்சி எழுதுகிறவள் குனிந்து குனிந்து டம்ளர்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஃப்ளோரன்ஸின் முகம் சிவந்துபோயிற்று.

அடைக்கலமேரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்று குத்தவும் செய்தது. மேடையில் உட்காரச் சொல்லிக் கத்த நூறு பேர் இருந்தார்கள். இங்கே யாரும் கத்தப்போவதில்லை. அவளாக உட்கார்ந்தால்தான் உண்டு.

வாளியைப் பந்தியின் நடுவில் தரையில் வைத்தாள். "கொஞ்சம் நகந்து குந்துங்க சார்" என்றாள் ஆசீர்வாதத்திடம். அவர் என்னமோ ஏதோவென்று நகர்ந்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் ஒரு இலையை விரித்து உட்கார்ந்தாள். ஃப்ளோரன்ஸ் செம்பை வாளியின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அடைக்கலமேரி ஆசீர்வாதத்தின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்றேன் சார். அழுவுறேன். அழுவுறது என் தொழிலு, அதுல கொற வெக்கமாட்டேன். சாவணும்னாலும் சாவுறேன். ஆனா இனிமே எவன் கால்லயும் வுழமாட்டேன். நின்னுகினு அழுவுறேன், குந்திகினு அழுவுறேன். உங்களுக்குத் தோதுப்பட்டா சொல்லுங்க. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மழைக்காலமும் அண்ணி முகமும் கண்முன் வந்து போயின. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மனசு வரவில்லை.

ஆசீர்வாதம் வாயில் சோற்றோடு யோசித்தார். வாசலில் முத்தம்மாவும் கூட்டமும் இன்னும் போகாமல், மேரியைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று வாட்ச்மேனோடு சண்டை போடுகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. காரியதரிசி என்பவர் கலையை அளப்பது கூட்டத்தைப் பார்த்துத்தானே. மென்று விழுங்கிவிட்டு, "நின்னுகினே அழுவுங்க. அதுவும் ஒரு புதுமையாத்தான் இருக்கும். ஆனா சொட்டு விழணும்" என்றார்.

"அத என்னாண்ட வுட்ருங்க" என்றாள் அவள். சோற்றுக் கூடையைப் பக்கத்தில் இழுத்து, தனக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் போட்டுக்கொண்டாள்.

பந்தியில் ஒரு சங்கடம். பாதி இலைகளில் சாம்பார் இல்லை. வாளி நடுவில் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். சவரிநாதன் வெறும் சோற்றைப் பிசைந்து உருட்டினார். யாராவது ஒருவர் எழுந்தால் போதும். அந்த யாராவது தாமாக இருக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசி இலையில் இருந்த அருள்பிரகாசம் யாரையும் பார்க்காமல், பொதுவாகக் கூரையைப் பார்த்து, "கொஞ்சம் அந்த வாளிய..." என்று இழுத்தார்.

அடைக்கலமேரி தன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏந்திருங்க சார்" என்றாள். "இன்னிக்கு ஒரு தபா ஏந்திரிச்சவருதான நீங்க? ரெண்டாவது தபா அவ்ளோ கஷ்டமா இருக்காது."

அருள்பிரகாசம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. பசி வேறு. எழுந்தார்.